உழைத்துப் பெற வேண்டிய உரிமை

உப்பளம் என்ற பெயரைப் புதுவை வாசிகள் தினந்தோறும் உச்சரிக்கிறார்கள். விளையாட்டு மைதானம், துறைமுகம், சட்டசபைத் தொகுதி என்று பல விதமாக அப்பெயர் நம் காதில் விழுகிறது. உப்பு விளையும் நிலம் என்ற அதன் பொருளை நினைப்போர் சிலரே. 1815-ஆம் வருஷத்தில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பிரெஞ்சிந்தியாவில் விளையும் உப்பில் உள்ளூர்ச் செலவு போக மீதியை இங்கிலீஷ் கம்பெனிக்கே கொடுக்க வேண்டும் என்பதும், அதற்கு ஈடாகப் பிரெஞ்சு சர்க்காருக்கு வருஷந்தோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் கிடைக்கும் என்பதும் அதன் சாரம். 1818-ல் செய்த மற்றோர் உடன்படிக்கையால் உப்பு விளைவிப்பதே நின்றது. கடலும் வெயிலும் உழைக்கும் கையும் இவ்வூரிலேயே இருந்தன. உப்பை மட்டும் பிறரிடம் வாங்க வேண்டியதாயிற்று. 1930-ல் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரணியம் வரை நடந்து சென்றது எதற்காக? உப்புத் தின்னும் உரிமை அன்றும் எல்லோருக்கும் இருந்தது. உப்பை ஆக்கும் உரிமைக்காகவே அவர்கள் சிறை புகுந்தார்கள்.

ஒரு பொருளை அனுபவிக்கும் உரிமை வேறு, அதை ஆக்கும் உரிமை வேறு என்ற இந்தப் பாடத்தை நம் வாலிபர்கள் இக்காலத்தில் வேறொரு துறையில் மறுபடியும் படிக்க வேண்டியிருக்கிறது. அத்துறை கணினி நிரல் துறையாகும்.

இன்று பாங்கிக் கணக்கு, ரெயில் சீட்டு, ஆஸ்பத்திரிப் பதிவு, சர்க்கார் ஆபீஸ் கடிதப் போக்குவரத்து ஆகிய யாவும் கணினி வழியாகவே நடைபெறுகின்றன. அவற்றின் அடித்தளத்திலுள்ள நிரல்களில் பெரும்பகுதி, கட்டற்ற மென்பொருள் என்றும் திறமூல மென்பொருள் என்றும் சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. 1991-ல் பின்லாந்து தேசத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், நம் சட்டைப் பையிலுள்ள ஆண்டிராய்டு போனுக்குள்ளும் இருக்கிறது. 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனும், 1999-ல் ஏற்பட்ட அப்பாச்சி மென்பொருள் ஸ்தாபனத்தின் நிரல்களும் உலகமெங்கும் ஓயாமல் வேலை செய்து வருகின்றன. இவற்றின் மூலநிரலை எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இதற்கு யாருடைய தயவும் வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நான் என் வீட்டுக் கணினியில் என்ன திருத்தம் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். அத்திருத்தம் பொதுப் பிரதியில் ஏறி, உலகத்தார் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டுமானால், பொதுப் பிரதியில் எழுதும் உரிமை பெற்ற ஒருவர் அதை ஏற்றுப் பதிய வேண்டும். அவ்வுரிமை பெற்றவரைக் கமிட்டர் என்கிறார்கள். தமிழில் பதிவுரிமையாளர் என்று சொல்லலாம்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். தமிழில் 'கெ' என்ற எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது. கணினிக்குள்ளோ ககரம் முதலிலும் கொம்பு பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போது நிரல் அவற்றை இடம் மாற்றி அமைக்க வேண்டும். எங்கேனும் பிழை நேர்ந்தால் கொம்பு தனியே பிரிந்து விகாரமாக நிற்கும். இப்பிழை நம் கண்ணுக்கு ஒரு நொடியில் படும். தமிழ் தெரியாத ஒருவர் வருஷக்கணக்கில் பார்த்தாலும் அதை உணரமாட்டார். நம்மவர் ஒருவர் திருத்தம் எழுதி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவுரிமையாளருள் தமிழ் அறிந்தவர் எவரும் இல்லையென்றால், அத்திருத்தம் சரியா தவறா என்று தீர்மானிக்க ஆளின்றிக் கிடப்பில் கிடக்கும். நம் மொழியின் எழுத்து எப்படி நிற்க வேண்டுமென்பதைப் பிறர் தீர்மானிக்கும் நிலைமை இவ்வாறுதான் ஏற்படுகிறது. இதில் யாரும் நமக்குத் துரோகம் செய்யவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் நாம் இல்லை, அவ்வளவே.

அந்த இடத்தை அடைவது எவ்வாறு? அப்பாச்சி ஸ்தாபனத்தின் வழக்கத்தைப் பாருங்கள். கமிட்டர் பதவிக்கு விண்ணப்பம் போடுவது அங்கே முறையில்லை. பரீட்சையும் இல்லை, சிபார்சுக் கடிதமும் இல்லை. ஒருவர் பிழைகளைக் கண்டு தெரிவிக்கிறார், திருத்தங்கள் அனுப்புகிறார், கையேடு எழுதுகிறார், புதிதாக வந்தவரின் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்கிறார். தம் திருத்தத்தைப் பிறர் குறை சொல்லும்போது கோபிக்காமல் மாற்றி எழுதுகிறார். இவ்வாறு மாதங்கள் பல கழிந்த பிறகு, அந்தத் திட்டத்தின் நிர்வாகக் குழுவில் யாரேனும் ஒருவர் அவர் பெயரை முன்மொழிகிறார். வாக்கெடுப்புக்கு வழக்கமாக 72 மணி நேரமாவது அவகாசம் கொடுக்கப்படுகிறது. வாக்குச் சாதகமானால் அழைப்பு அவரைத் தேடி வருகிறது. அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் பதிவுரிமை பெறுகிறார். மேற்கொண்டு உழைத்தால் நிர்வாகக் குழுவிலும், பின்னர் ஸ்தாபனத்திலும் அங்கத்தினராகலாம்.

டெபியனில் முறை சற்றுக் கடினமானது. விண்ணப்பிப்பவரின் அடையாளச் சாவியில், முன்பே உரிமை பெற்றவர் கையொப்பமிட வேண்டும். அவருக்காகப் பரிந்து சொல்ல ஓர் அங்கத்தினர் வேண்டும். டெபியனின் கொள்கைகளையும் நடைமுறைகளையும் பற்றி அவர் விரிவாக விடையளிக்க வேண்டும். வேலைத் திறமையையும் காட்ட வேண்டும். சில பொதிகளை மட்டும் பராமரிக்கும் சிறிய உரிமையை முதலில் பெற்று, அதில் பழகிய பின்பு முழு அங்கத்தினராவோரும் உண்டு. முழு அங்கத்தினரான பின்பு அவர் வருஷந்தோறும் தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்கலாம், தாமே போட்டியிடலாம். நிரல் எழுதாமல் மொழிபெயர்ப்பு, கையேடு முதலிய கைங்கரியங்களைச் செய்வோரையும் அங்கத்தினராக ஏற்பதென 2010-ல் டெபியன் வாக்கெடுத்துத் தீர்மானித்தது. தமிழாக்கம் செய்யும் நம் அன்பர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வுரிமையின் மற்றொரு லக்ஷணம் மிகவும் முக்கியமானது. கம்பெனி உத்தியோகத்தில் நம் வாலிபன் எழுதும் நிரல் கம்பெனிக்குச் சொந்தம். வேலையை விட்டு வெளியேறும் நாளில் அடையாளச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பதோடு அவனுக்கும் அந்நிரலுக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்தது. அப்பாச்சியில் பதிவுரிமை ஆளுக்கே உரியது. அவர் பார்க்கும் உத்தியோகத்துக்கு உரியதன்று. வேலை மாறினாலும், வேலையே இல்லாவிட்டாலும், அவருடைய உரிமையும் பெயரும் அவரோடு நிற்கின்றன. உப்பளத்தில் குடியிருக்கும் ஒருவரும் கலிபோர்னியாவில் குடியிருக்கும் ஒருவரும் அந்தச் சபையில் ஒரே வாக்கு உடையவர்கள். பிறப்பாலோ பணத்தாலோ பட்டத்தாலோ அதைப் பெற இயலாது. ஜாதி வித்தியாசமும் எஜமான வர்க்கமும் ஒழிய வேண்டுமென்று பேசும் தேச பக்தர்கள் இத்தகைய அமைப்பைச் சற்று ஊன்றிக் கவனிப்பது நலம்.

நம் தேசத்தின் நிலைமை என்ன? எண்ணிக்கையில் நமக்குக் குறைவில்லை. கிட்ஹப் என்னும் நிரல் களஞ்சியத்தில் கணக்கு வைத்திருக்கும் இந்தியர் 1 கோடியே 32 லட்சம் பேர் என்று அந்நிறுவனத்தின் 2023-ஆம் வருஷத்து அறிக்கை சொல்லிற்று. அமெரிக்காவுக்கு அடுத்த ஸ்தானம் நமக்கே. ஆனால் கணக்கு வைத்திருப்பது ஒன்று. நம்பிக்கை பெறுவது ஒன்று. 2020 அக்டோபரில் நடந்ததை மறப்பதற்கில்லை. நான்கு திருத்தங்கள் அனுப்புவோருக்கு ஒரு டி-ஷர்ட் பரிசு என்று அமெரிக்க நிறுவனம் ஒன்று அறிவித்திருந்தது. எளிதில் பரிசு பெறும் வழியை நம் நாட்டு வீடியோ ஒன்று காட்டிக்கொடுக்க, பயனற்ற திருத்தங்கள் வெள்ளமாகப் பாய்ந்தன. ஒரு சொல்லைச் சேர்ப்பதும், தம் பெயரை எழுதுவதுமே திருத்தமாயின. சம்பளமின்றி உழைக்கும் பராமரிப்பாளர்கள் இரவும் பகலும் குப்பை பொறுக்க நேர்ந்தது. அம்மாதத்திலேயே விதிகளை மாற்ற வேண்டியதாயிற்று. இதனால் நஷ்டமடைந்தவர் யார்? உண்மையாக உழைக்கும் இந்திய வாலிபனே. அவன் பெயரைக் கண்டதும் பராமரிப்பாளர் முகம் சுளித்தால் அந்தப் பழி நம்முடையது.

நம்மால் ஆகுமா என்று ஐயுறுவோர் பாக் ஜலசந்திக்கு அப்பால் பார்க்கட்டும். இலங்கை மிகச் சிறிய தேசம். 2003-ல் அங்கே லங்கா மென்பொருள் ஸ்தாபனம் தோன்றியது. ஐ.பி.எம். ஆராய்ச்சிச் சாலையில் அனுபவம் பெற்ற சஞ்ஜீவ வீரவரண அதன் ஸ்தாபகருள் ஒருவர். உலகத் திட்டங்களில் இலங்கை வாலிபரைப் பங்காளிகளாக்குவதே அதன் நோக்கம். அப்பாச்சியின் ஆக்ஸிஸ்-2 என்னும் நிரலில் இலங்கையர் பெரும்பங்கு கொண்டு பதிவுரிமை பெற்றனர். முன்னே சென்றவர் பின்னே வருபவருக்குக் கை கொடுத்தார். கூகுள் நிறுவனம் 2005 முதல் நடத்தி வரும் கோடைக்கால நிரல் திட்டத்தின் முதல் பத்து வருஷங்களில், உலகக் கலாசாலைகள் யாவற்றிலும் அதிக மாணவரை அனுப்பியது மொரட்டுவை சர்வகலாசாலை. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப் பேரலை எழுந்தபோது, காணாமற்போனோரையும் நிவாரண முகாம்களையும் கணக்கெடுக்கச் சில நாட்களுக்குள் சஹானா என்ற நிரலை உண்டாக்கியவர்களும் இலங்கையரே. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006-ஆம் வருஷத்துச் சமூக நலப் பரிசு அதற்குக் கிடைத்தது. அதே அலை புதுவையையும் காரைக்காலையும் தாக்கியது. பழகிய கைகள் ஒரு தேசத்தில் இருந்தால் ஆபத்துக் காலத்தில் அவை எவ்வளவு பயன்படும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அண்டையிலுள்ள கேரளத்தையும் குறிப்பிட வேண்டும். அங்கே மலையாள மொழிக்காகத் தொடங்கிய முயற்சி பலரை உலகத் திட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தது. ஸ்ரீமதி சுருதி சந்திரன் டெபியனில் முழு அங்கத்தினராகி, 2020-லும் 2021-லும் அதன் தலைவர் பதவிக்கே போட்டியிட்டார். 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மகாநாடு கொச்சியில் கூடியது. தமிழகமும் உறங்கவில்லை. அதே வருஷம் ஜனவரியில் நமக்குப் பக்கத்திலுள்ள விழுப்புரத்தில் டெபியன் அன்பர்கள் ஒரு சிறு மகாநாடு நடத்தினார்கள். 2012-ல் தொடங்கிய கணியம் பத்திரிகை நிரல் நுணுக்கங்களைத் தமிழிலேயே சொல்லி வந்திருக்கிறது. புதுவையில் கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கம் என்ற பெயரால் வாலிபர் கூடியிருக்கிறார்கள். விதை இருக்கிறது, விளைச்சலுக்குக் காலமும் காவலும் வேண்டும்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். 1936 ஜூலை 30-ல் பன்னிரண்டு தொழிலாளர்கள் குண்டுக்கு இரையாகி, அதன் பயனாக எட்டு மணி நேர வேலைச் சட்டம் பெற்ற ஊர் இது. இவ்வூரில் நின்றுகொண்டு கூலியில்லா வேலையைப் புகழலாமா என்று தொழிலாளர் தோழர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. பெரிய கம்பெனிகள் பொதுநிரலைக் கொண்டு கோடிகள் சேர்ப்பதும், அதைப் பராமரிப்பவர் இரவில் கண் விழிப்பதும் மெய். வயிற்றுக்கு வழியுள்ளவனே ஓய்வு நேரத்தைக் கொடுக்க முடியும். ஏழையின் பிள்ளைக்கு ஓய்வு நேரம் ஏது? ஆகவேதான் இதைத் தனி மனிதரின் தியாகத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது என்கிறோம். சம்பளமின்றி உழைக்கும்படி எவரையும் நாம் ஏவவில்லை. சர்க்காரும் கலாசாலைகளும் கம்பெனிகளும் இவ்வேலைக்கு நேரமும் ஊதியமும் கொடுக்க வேண்டுமென்பதே நம் கோரிக்கை.

மற்றோர் ஆக்ஷேபம்: அந்நியர் சபையின் வாசலில் காத்து நிற்பது, பழைய மிதவாதிகள் மனுப் போட்டதைப் போலல்லவா? நாமே தனிப் பிரதி எடுத்து நடத்தலாகாதா? நடத்தலாம், அனுமதிப் பத்திரமே அதற்கு இடங்கொடுக்கிறது. இந்திய சர்க்காரின் சிடாக் நிறுவனம் டெபியனை ஆதாரமாகக் கொண்டு 2007-ல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அது நல்ல முயற்சியே. ஆயினும் மூலத்தில் மாறுதல் நேருந்தோறும் பிரதியும் அதைப் பின்தொடர்ந்து ஓட வேண்டியிருக்கிறது. மூலத்தை அறிந்து, அதில் எழுதிப் பழகிய ஆட்கள் நம்மிடம் மிகுந்தால்தான் தனிப் பிரதியும் நிலைக்கும். மனுப் போடுபவன் கொடுப்பவனின் தயவை எதிர்பார்க்கிறான். திருத்தம் அனுப்புபவனோ ஒரு பொருளைக் கொடுக்கிறான். அவன் யாசகன் ஆகான். அச்சபைகளில் பாரபட்சமே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. இங்கிலீஷில் சரளமாக வாதிப்பவன் முன்னுக்கு வருவதும், கூச்சமுள்ள நல்ல உழைப்பாளி பின்தங்குவதும் உண்டு. அதைத் திருத்தவும் உள்ளே நம்மவர் வேண்டும்.

நம்பிக்கை என்பது எளிதில் கொடுக்கத்தக்க சரக்கல்ல என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. எக்ஸ்-இசட் என்பது தகவலைச் சுருக்கிக் கட்டும் சிறு நிரல். எண்ணற்ற லினக்ஸ் கணினிகளில் இருப்பது. அதைத் தனியொருவராகப் பல வருஷம் பராமரித்து வந்தவர் களைத்திருந்தார். ஜியா டான் என்ற புனைபெயரில் ஒருவர் 2021 முதல் திருத்தங்கள் அனுப்பி, உழைப்பாளி என்று பெயரெடுத்து, பதிவுரிமையும் பெற்று, பிற்பாடு நிரலுக்குள் கள்ள வாசல் ஒன்றை ஒளித்து வைத்தார். போஸ்ட்கிரெஸ் என்னும் திட்டத்தின் கமிட்டரான ஆண்ட்ரெஸ் பிராயின்ட், தம் கணினியில் உள்நுழைவதற்கு அரை நொடி தாமதம் ஏற்படுவதைக் கண்டு, விடாமல் துருவி ஆராய்ந்து, 2024 மார்ச் 29-ல் சூதை வெளிப்படுத்தினார். உலகம் தப்பியது. இதிலிருந்து அறிய வேண்டியவை இரண்டு. வேலையின் அளவு மட்டும் ஒருவருடைய யோக்கியதைக்குப் போதுமான அத்தாட்சியாகாது. தனித்து உழைத்துக் களைத்தவருக்கு நல்ல துணை கிடைக்காத இடத்தில்தான் கள்ளத் துணை புகுகிறது. அத்தகைய நல்ல துணையாக நம் வாலிபர் செல்வார்களானால் அது உலகத்துக்கே உபகாரம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுவோம். முதலாவது, பொறியியல் கலாசாலைகள் கடைசி வருஷத்துத் திட்ட வேலையைச் சீர்திருத்த வேண்டும். கடையில் விலைக்கு வாங்கி அட்டை மாற்றிக் கொடுக்கும் திட்டங்கள் எத்தனை என்பதை ஆசிரியர் அறிவர். அதற்குப் பதிலாக, உயிருள்ள ஒரு பொதுநிரலில் பராமரிப்பாளரால் ஏற்கப்பட்ட ஒரு திருத்தத்தைக் காட்டும் மாணவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஆனால் எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். கொடுத்தால் டி-ஷர்ட் கதை மீளும். புதுவைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இதில் வழிகாட்டலாம்.

இரண்டாவது, புதுவை சர்க்கார் பொதுப் பணத்தில் செய்விக்கும் நிரல் வேலைகளில், பொதுநிரலில் செய்த திருத்தங்களை மூலத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமென்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்துச் சேர்க்க வேண்டும். பதிவுரிமை பெற்ற சர்க்கார் ஊழியருக்கு வாரத்தில் ஒரு நாளாவது அவ்வேலைக்கு ஒதுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு சொற்பம்.

மூன்றாவது, அரசியல் தொண்டர்களுக்கும் கடமை உண்டு. தமிழ் வாழ்க என்று கோஷிப்பது எளிது. தமிழ் எழுத்து, தமிழ் அகராதி வரிசை, தமிழ்ச் சொற்கள் ஆகியவை கணினியில் எங்கெங்கே பிழைபடுகின்றன என்று கண்டு, எழுதி, உரியவருக்கு அனுப்பும் சிறு குழுக்களைப் பேட்டைதோறும் ஏற்படுத்தலாம். நிரல் தெரியாதவரும் இதில் பங்கு கொள்ளலாம்.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. பத்துத் திட்டங்களில் கால் வைக்காதீர்கள். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் நிரல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் படியுங்கள். பிறர் அனுப்பும் திருத்தங்களையும் அவற்றின்மேல் நடக்கும் வாதங்களையும் கவனியுங்கள். பிறகு சிறு பிழை ஒன்றைத் திருத்துங்கள். உங்கள் திருத்தம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டு மறுபடி எழுதுங்கள். எனக்கு எப்பொழுது உரிமை கிடைக்கும் என்று யாரையும் கேட்காதீர்கள். உங்களால் வேலை குறைகிறது என்று மற்றவர் உணரும் நாளில் அது வரும். ஒரு வருஷமாகலாம், மூன்று வருஷமாகலாம். வந்த பிறகு உங்கள் பின்னால் நிற்கும் ஒரு தமிழ் மாணவனுக்குக் கை கொடுங்கள். உப்பு விளைவிக்கும் உரிமையை நம் முன்னோரிடமிருந்து உடன்படிக்கை ஒன்று பறித்தது. இந்த உரிமையை நம்மிடமிருந்து எவரும் பறிக்கவில்லை. நாம் போய் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே குறை. அக்குறையைத் தீர்ப்பது நம் கையில் இருக்கிறது.